எந்த ரீல் வாங்கலாம் சார்?



பொங்கல் முடிந்த வாரம் கனடாவிலிருந்து பேரன் வீடியோ காலில் வந்தான். டொரன்டோவுக்கு வடக்கே சிம்கோ என்று ஒரு பெரிய ஏரி. குளிர்காலத்தில் அதன் மேல்பரப்பு உறைந்துவிடும். பத்து சென்டிமீட்டராவது உறுதியான ஐஸ் இருந்தால்தான் அதன்மேல் நடப்பார்கள். ஐஸில் துளை போட்டு, அதற்குள் தூண்டிலை இறக்கி மீன் பிடிப்பார்கள். நண்பர்களோடு இவனும் போகிறானாம். "தாத்தா, நீங்க ஒகேனக்கல் பக்கம்தானே? எந்த ரீல் வாங்கலாம்?" என்று கேட்டான்.

ஒகேனக்கல்லில் எனக்கு மீன் வறுவல் சாப்பிடத்தான் தெரியும். இணையத்தில் பார்த்தேன். ஒவ்வொரு ரீலுக்கும் ஒவ்வொரு எண், எத்தனை பேரிங் என்று ஒரு கணக்கு, விலையோ ஏணி மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. தலை சுற்றியது. விவரம் தெரிந்தவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். ஊட்டமலையில் பரிசல் ஓட்டுகிறான், என் பழைய மாணவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவனிடம் போவதற்கு எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பென்னாகரம் போய், அங்கிருந்து பஸ் மாறி மலை இறங்கினேன். ஆற்றோரம் உட்கார்ந்து பேரனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். ரீலைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. மூன்று கேள்விதான் கேட்டான். "தம்பி, தண்ணி எவ்வளவு ஆழம்? என்ன மீனு, எவ்வளவு எடை? தூண்டில வீசுவீங்களா, நேரா இறக்குவீங்களா?"

ஆழம் ஏழெட்டு மீட்டர். மீன் மஞ்சள் பெர்ச், ஒரு சாண் நீளம். வீசுவது கிடையாது, துளைக்குள் நேராக இறக்குவதுதான்.

"அப்ப சக்கர ரீலு வாங்குங்க தம்பி" என்றான். எனக்கும் புரியும்படி விளக்கினான். கடையில் அதிகம் விற்பது ஸ்பின்னிங் ரீல். அதில் நரம்பைத் தாங்கும் உருளை சுழலாது; ஒரு கம்பி வளையம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து நரம்பைச் சுற்றும். அதனால் நரம்பில் முறுக்கு ஏறும். ஆற்றில் தூரமாக வீசி, கனமான மீனை இழுக்கும்போது அது பெரிய குறையாகத் தெரியாது. ஐஸ் துளையில் தொங்குவதோ ஒரு கிராம், இரண்டு கிராம் எடையுள்ள சின்னத் தூண்டில். முறுக்கு பிரியும்போது அது பம்பரம் மாதிரி சுற்றும். சுற்றுகிற இரையைப் பார்த்தால் மீனுக்குச் சந்தேகம் வந்துவிடும். சக்கர ரீலில் உருளையே அச்சில் சுழல்வதால் நரம்பு நேராக இறங்கி நேராக ஏறும், முறுக்கு ஏறாது. ஆனால் மெதுவாகத்தான் சுற்றும். முப்பது மீட்டர் ஆழத்தில் பெரிய மீன் என்றால் கை வலித்துப் போகும், அப்போது ஸ்பின்னிங் ரீல்தான் சரி. பேரிங் எத்தனை என்று பார்த்து ஏமாற வேண்டாம், குளிரில் உள்ளே இருக்கும் கிரீஸ் இறுகாமல் இருக்கிறதா, கையுறை போட்ட விரலுக்குப் பிடி அடங்குகிறதா என்று பாருங்கள் என்றான். அவன் ஐஸை மீன் பெட்டியில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. பேரன் இவ்வளவையும் எழுதிக்கொண்டான்.

போனை வைத்த பிறகு சிரித்தபடி சொன்னான்: "சார், நான் அப்பச் செஞ்சேனே, அதுவும் இந்த மாதிரிதான்."

தயக்கத்தின் காரணம் அதுதான். 1989-ல் அவன் ஒன்பதாம் வகுப்பு. வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான், ஆற்றில் இருப்பான். ஒருநாள் பையைச் சோதித்தேன். தையல்காரர் தூக்கிப்போட்ட நூல்கட்டை, இரண்டு பக்கமும் பால் டப்பா தகரத்தை வட்டமாக வெட்டி அடித்தது, நடுவில் ஆணி அச்சு, சுற்றுவதற்கு வளைத்த கம்பி, எல்லாம் ஒரு மூங்கில் குச்சியில் கட்டியிருந்தது. வகுப்பு முன்னால் அவனைப் பிரம்பால் அடித்தேன். அதைக் காலால் மிதித்து உடைத்தேன். அந்தப் பருவத்தில் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் எளிய இயந்திரங்கள். சக்கரமும் அச்சும் கரும்பலகையில் வரைந்து, பாகங்களைக் குறிக்கச் சொல்லி மதிப்பெண் போட்டேன். அதைக் கையால் செய்துகொண்டு வந்தவனுக்குப் பிரம்படி. அடுத்த வருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான் விசாரிக்கவும் இல்லை.

ஆற்றோரத்தில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க சார், வீட்லயும் கஷ்டம், எப்படியும் நின்னிருப்பேன்" என்றான். பெருந்தன்மையாகச் சொன்னான். ஆனால் அடித்தது வகுப்பு முன்னால். மன்னிப்பை மட்டும் யாரும் பார்க்காமல் கேட்டால் கணக்கு நேராகாது. அன்று அந்த வகுப்பில் இருந்தவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்று நான் செய்தது தவறு.

போன வாரம் சேலத்தில் ஒரு கடைக்குப் போனேன். "எந்த ரீல் வேணும் சார்?" என்று கேட்டார்கள். இந்த முறை நான் விழிக்கவில்லை. ஓடுகிற தண்ணீர், பாறை அதிகம். கட்லா, ரோகு, கெளுத்தி, சில சமயம் ஐந்து கிலோவுக்கு மேல். தூரமாக வீச வேண்டும். ஆகவே ஸ்பின்னிங் ரீல், 4000 அளவு. டிராக் திருகைக் கொஞ்சம் இறுக்கி, நரம்பைக் கையால் இழுத்துப் பார்த்தேன். திக்காமல் ஒரே சீராக வந்தது. பெரிய மீன் பாயும்போது அப்படி விட்டுக்கொடுத்தால்தான் நரம்பு அறாது.

பேரன் நேற்றுப் படம் அனுப்பினான். மூக்கு சிவந்து நிற்கிறான், கையில் ஒரு சாண் மீன். வருகிற ஞாயிறு ஊட்டமலைக்குப் போகிறேன். அந்தப் படத்தையும் இந்த ரீலையும் அவனிடம் கொடுக்க வேண்டும்.