ஆயாவின் ஜரிகையும் ஜாவர் சுரங்கமும்

போன வாரம் எங்கள் தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்குறதே..." என்று ஒரு குரல். அம்மா பெட்டியிலிருந்து ஆயாவின் கல்யாணப் புடவையை எடுத்து வந்தாங்க. இதே ஆரணியில் தாத்தா தன் தறியில் நெய்தது. வந்தவர் ஊசியால் ஜரிகையைச் சுரண்டினார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. "அசல்தாம்மா" என்றார். என் செமஸ்டர் பீஸில் பாதி தேறியது.

"இதை என்னண்ணா பண்ணுவீங்க?"

"எரிச்சிடுவோம் தம்பி. பட்டு சாம்பலாயிடும், வெள்ளி தங்கிடும்."

எனக்கு உடனே ஜாவர் ஞாபகம் வந்துவிட்டது. (ஜியாலஜி படிப்பவனுக்குத் துக்கத்திலும் தாதுதான் தோன்றும்.)

ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குத் தெற்கே இருக்கிறது ஜாவர். அங்குள்ள பழைய சுரங்கங்களுக்கு வயது 2000 வருடங்களுக்கு மேல். பாறையில் தீ மூட்டி, விரிசல் விடவைத்துத்தான் உடைத்திருக்கிறார்கள். கிடைத்த தாதுக்களில் ஒன்று கலீனா, அதாவது ஈய சல்பைடு. எங்கள் லேபிலும் ஒரு துண்டு இருக்கிறது. அளவுக்கு மீறிய கனம்; உடைத்தால் குட்டிக் குட்டிக் கனசதுரங்களாக மின்னும். பார்க்க வெள்ளி மாதிரியே இருந்தாலும் உள்ளே வெள்ளி துளியூண்டுதான்.

அதைப் பிரிக்கிற பழைய முறை இதுதான். தாதுவை உருக்கி ஈயமாக்கி, அதை எலும்புச் சாம்பல் குழியில் வைத்துக் காற்று ஊதிக்கொண்டே சூடாக்க வேண்டும். ஈயம் ஆக்சைடாக மாறிச் சாம்பலில் இறங்கிவிடும். கடைசியில் ஒரு வெள்ளிப் பொட்டு மிஞ்சும். ஊதுகிறவன் நெஞ்சுக்குள் ஈயப் புகையும் போயிருக்கும். மேவார் வரலாற்றில் 14-ம் நூற்றாண்டு இறுதியில் ஆண்ட ராணா லாகாவின் பெயர் இந்த வெள்ளியோடு வருகிறது, ஊதியவன் பெயர் வரவில்லை.

ஜாவருக்கு உலகப் புகழ் வந்தது வெள்ளியால் அல்ல, துத்தநாகத்தால். கத்திரிக்காய் வடிவ மண்குடுவைகளில் அதைக் காய்ச்சி வடித்திருக்கிறார்கள், ஓர் உலைக்கு 36 குடுவை. 1983-ல் தோண்டிப் பார்த்தபோது உலைகள் அப்படியே கிடைத்தன. வேலை முடிந்த குடுவைகளை அடுக்கி ஊர்க்காரர்கள் வீட்டுச் சுவரே கட்டியிருக்கிறார்கள்! 1812-13 பஞ்சத்தோடு நின்றுபோன வேலை 20-ம் நூற்றாண்டில் மறுபடி தொடங்கியது. இந்தியாவில் தோண்டும் வெள்ளி இன்றும் பெரும்பாலும் ஈய, துத்தநாகத் தாதுக்களின் துணைப் பொருளாகத்தான் வருகிறது.

நேற்று ஆயா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "புடவை எங்கடா?" என்று கேட்டுச்சு. அம்மா என்னைப் பார்த்தாங்க.

"பாலிஷ் போடக் கொடுத்திருக்கு ஆயா" என்று சொல்லிவிட்டேன்.