தலைப்பில்லாத பட்டியல்

ஞாயிறு காலையில் நாங்கள் கிரிக்கெட்டுக்கு வராததை எங்கட நண்பர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. "அங்க போய் அப்பிடி என்னதான் செய்யிறியள்?" என்று கேட்பார்கள். ஒரு வருடம் முழுக்க என்ன செய்கிறோம் என்று எழுதிக் காட்டலாம் என்று தொடங்கினோம். எழுத எழுத எல்லாம் ஒரு பட்டியலில் போய் நின்றுவிட்டது. பரவாயில்லை, அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் வேதக்காரர் என்றால் ஆட்கள் முதலில் நினைப்பது கத்தோலிக்கரை. பிறகு அமெரிக்க மிஷன் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த சபை. நாங்கள் அங்கிலிக்கன். 1818இல் சேர்ச் மிஷன் சங்கத்தார் இலங்கைக்கு வந்து, அவர்களில் யோசப் நைற் என்பவர் நல்லூரில் வேலை தொடங்கிய வழியில் வந்த ஆட்கள். வயது போனவர்கள் இன்னும் 'சீ.எம்.எஸ். கோயில்' என்றுதான் சொல்வார்கள். சாதாரண ஞாயிறில் அறுபது பேர் வந்தால் பாதருக்குச் சந்தோசம். அதில் இளம் ஆட்கள் என்றால் நாங்கள் ஏழு பேர். ஏழு பேரும் பாடவேணும், ஏழு பேரும் கதிரை தூக்கவேணும்.

சேர்ச்சில் வருடம் ஜனவரியில் பிறப்பதில்லை. நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம். அதில் முதலாவதுதான் வருடப் பிறப்பு. பீடத்துணி ஊதாவுக்கு மாறும். நத்தாருக்கு வெள்ளை, லெந்துக்குத் திரும்ப ஊதா, உயிர்த்த ஞாயிறுக்கு வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, அதற்குப் பிறகு அடுத்த திருவருகை வரைக்கும் ஏறக்குறைய அரை வருடம் பச்சை. சின்ன வயதில் இந்தப் பச்சைக் காலம் எங்களுக்குப் பிடிக்காது. ஒரு பண்டிகையும் இல்லை, புது உடுப்பும் இல்லை.

டிசம்பர் எங்கட பக்கம் மாரி. கரோலுக்கு லான்ட்மாஸ்டர் பெட்டியில் கீபோர்ட்டை ஏற்றி, மேலே தறப்பாள் கட்டி, வீடு வீடாய்ப் போவோம். இப்ப பாதி வீடு பூட்டு. கனடாவில் இருக்கிற ஒரு குடும்பம் "எங்கட கேற்றுக்கு முன்னால நிண்டு ஒரு பாட்டுப் பாடி வீடியோ எடுத்து அனுப்புங்கோ" என்று வட்ஸ்அப்பில் கேட்டது. பூட்டின கேற்றைப் பார்த்துப் பாடினோம். உள்ளே இருந்த நாய் மட்டும் குரைத்தது. அந்த வீடியோவை அங்கே நாற்பது பேர் பார்த்து அழுதார்களாம். நாங்கள் அடுத்த வீட்டில் பயற்றம் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டு நின்றோம்.

அறுவடை விழாவை இங்கிலாந்தில் செப்டெம்பர் அளவில் வைப்பார்கள். இங்கே செப்டெம்பரில் வைத்தால் பீடத்துக்குக் காய்ந்த புல்லைத்தான் கொண்டுபோகலாம். அதனால் பெரும்போகம் வெட்டி முடிகிற கையோடு, லெந்துக்கு முன்னால் வைப்போம். நெல்லு, வாழைக்குலை, பூசணி, உயிர்க்கோழி எல்லாம் வந்து சேரும். ஆராதனை முடிந்து ஏலம். போன முறை ஒரு பூசணிக்காய் வட்ஸ்அப் அழைப்பில் லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் இடையில் இருபதாயிரம் ரூபாய்க்குப் போனது. வாங்கினவர் பூசணியைக் காணவே மாட்டார். அதைக் கறி வைத்தது நாங்கள்.

லெந்து இப்படிப் பகிடியாகப் போகாது. போன வருடத்துக் குருத்தோலைகளைப் பழைய பால்மா ரின்னில் போட்டு எரித்துத்தான் சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுப்போம். பெரிய வெள்ளி பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை ஏழு வார்த்தை, ஏழு பிரசங்கி. நாலாவது வார்த்தைக்கு வருகிறவர் எப்போதும் கூட நேரம் எடுப்பார். அடுத்த நாள், பெரிய சனி, சேர்ச்சுக்குள் ஒன்றுமே இருக்காது. பீடம் துணியில்லாமல் வெறுமையாகக் கிடக்கும். அன்றைக்கு நற்கருணையும் இல்லை. ஆனால் ஒரு அன்ரி மட்டும் தவறாமல் வருவா. பித்தளைக் குத்துவிளக்கையும் மெழுகுதிரித் தண்டுகளையும் புளி போட்டு மினுக்குவா. ஆரோடும் பெரிதாகக் கதைக்கமாட்டா.

இனி நாங்கள் சொல்லவேண்டியது அந்த அன்ரியைப் பற்றி.

2021இல் ஊரடங்கு முடிந்து சேர்ச் திறந்தபோது மன்றாட்டுத் தாள் தயாரிக்கிற வேலை எங்களிடம் வந்தது. அதுவரை மணியடிக்கிற ஐயா ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அந்தக் கொப்பியைப் பார்த்துக் கணினியில் ஏற்றினோம். வரிசை எல்லா வாரமும் ஒன்றுதான். முதலில் திருச்சபைக்காக, பிறகு நாட்டுக்காக, பிறகு நோயாளருக்காக, தூர இடங்களில் இருப்போருக்காக, கடைசியில் இறந்தோருக்காக. 'தூர இடங்களில் இருப்போர்' என்பதில் கட்டாரில் வேலை செய்கிற அண்ணன்மார், கொழும்பில் படிக்கிற பிள்ளையள், கப்பலில் போன ஒருவர். இவர்களுக்கு நடுவில் அந்த அன்ரியின் மகனுடைய பெயரும் இருந்தது.

அன்ரியின் குடும்பம் 1995 இடப்பெயர்வில் வெளிக்கிட்டு வன்னிக்குப் போனது. 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனை ஆமியிடம் கையளித்தது அன்ரிதான். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்னார்களாம். 2010இல் ஊருக்குத் திரும்பி வந்து, வந்த முதல் ஞாயிறே மகனின் பெயரைக் கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறா. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மட்டக்களப்பு சீயோன் சேர்ச்சில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளையள் செத்த செய்திக்குப் பிறகு, எங்கட வாசலிலும் பாதுகாப்புக்கு ஆமிக்காரர் நின்றார்கள். பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேணும். எங்களுக்கு அது பழகிவிட்டது, சிலர் அவர்களுக்கு ரீ கூடக் கொடுத்தார்கள். அன்ரி அந்த வாசலால் வரவில்லை. பின்பக்கப் படலையால், வாழைக்குள்ளால் சுற்றி வந்தா. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, தெரியும்தானே.

போன வருடம், பச்சைக் காலத்தில், வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்து ஊரோடு தங்கிவிட்ட ஒரு அங்கிள் தாளைப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டார்: "இந்தத் தம்பி எந்த நாட்டில? ஒவ்வொரு கிழமையும் வாசிக்கிறியள், லீவில வாறேல்லையோ?"

அவர் அறியாமல்தான் கேட்டார். ஆனால் கேட்ட கேள்வி அப்படியே நின்றுவிட்டது. சேர்ச் கமிற்றியில் எடுத்தார்கள். ஒருவர் சொன்னார், நவம்பர் 2இல் வாசிக்கிற இறந்தோர் பட்டியலில் சேர்ப்பதுதான் முறை, எவ்வளவு காலத்துக்கு இப்பிடி வைச்சிருக்கிறது என்று. கெட்ட மனதோடு சொன்னதாக எங்களுக்குத் தெரியவில்லை. அன்ரி ஒரு மெழுகுதிரி கொளுத்தி அழுது முடித்தால் நல்லது என்றுதான் நினைத்திருப்பார். பாதர் அன்ரியைப் போய்ப் பார்த்தார். எங்களில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார், ஏன் என்று இப்பவும் விளங்கவில்லை.

அன்ரி தேத்தண்ணி போட்டுத் தந்தா. எல்லாத்தையும் கேட்டா. பிறகு சொன்னா: "பாதர், நான் மெழுகுதிரி கொளுத்தினா, பிள்ளை செத்திட்டான் எண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரி. கையளிச்சதும் நான், இதையும் நானே செய்யவோ?"

பாதர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும்தான்.

இதை ஒரு பக்கக் கதையாக வைத்துக்கொள்ள எங்களால் முடியாது. அதே சேர்ச்சில் இன்னொரு ஐயா இருக்கிறார். அவருடைய மகளும் அதே மே மாதத்தில்தான் இல்லாமல் போனா. 2016இல் அவரே வந்து மகளின் பெயரை இறந்தோர் பட்டியலில் எழுதச் சொன்னார். திகதி என்ன என்று கேட்டதற்கு மகளின் பிறந்த நாளைச் சொன்னாராம். நாங்கள் போய்க் கதைத்தபோது, "எனக்கு ஒரு நாள் வேணும், பிள்ளையள். எந்த நாள் எண்டு தெரியாமல் வருசம் முழுக்க அழ ஏலாது" என்றார். அவர் சொன்னதும் சரி. அன்ரி சொன்னதும் சரி. எந்த ஒன்றையும் மற்றதுக்கு மேலே வைக்க எங்களுக்கு என்ன உரிமை?

அரசாங்கமும் இதே இடத்தில்தான் தடுமாறியது. இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமல் போயிருக்கிறார் என்று ஒரு சான்றிதழ் கொடுக்கலாம் என்று சட்டம் வந்தது. 2016இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் சட்டம் நிறைவேறியது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் குந்தினார்கள். அவர்கள் கேட்டது தாள் அல்ல, எங்கே என்ற பதில்.

நாங்கள் ஏழு பேரும் இருந்து யோசித்துக் கமிற்றிக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். நோயாளருக்கும் இறந்தோருக்கும் நடுவில் தனியாக ஒரு பட்டியல் வேணும் என்று. அது பெரிய எதிர்ப்பில்லாமல் போனது. சண்டை வந்தது தலைப்பில்.

ஒரு பக்கம் 'காணாமல் போனோர்' என்று போடச் சொன்னது. நாங்கள் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதியிருந்தோம். ஒரு சொல்லுக்கு இரண்டு மணித்தியாலம். "போனவை எண்டா அவையளாப் போனவையோ? சந்தைக்குப் போன மாதிரி?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். "பிள்ளை, நீங்கள் சொல்லுறது சரி. நாளைக்கு சீ.ஐ.டி. வந்து இந்தத் தாளை ஆர் அடிச்சது எண்டு கேட்டா?" என்று பொருளாளர். அவர் பயந்தவர் என்று சொல்வது லேசு. தொண்ணூறுகளில் இருந்து அவர் கண்டதை நாங்கள் காணவில்லை. கடைசியில் மாதர் சங்கத்து அன்ரி ஒருவர் எழும்பி, தலைப்பே வேண்டாம், பெயர்களை மட்டும் வாசியுங்கோ, கடவுளுக்கு ஆரெண்டு தெரியும், எங்களுக்கும் தெரியும் என்றா. எல்லாரும் களைத்திருந்தார்கள். அப்படியே முடிவானது.

எங்களுக்கு அது முழுச் சம்மதம் இல்லை. 'ஆக்கப்பட்டோர்' என்ற சொல் சேர்ச்சுக்குள் சத்தமாகக் கேட்கவேணும் என்று இன்னும் நினைக்கிறோம். இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் திரும்பக் கேட்போம்.

நவம்பர் 2 நினைவு ஆராதனை பின்னேரம். முடிந்து சேமக்காலைக்கு மெழுகுதிரியோடு போகவேணும். பெரும்பாலும் மழை வந்து அணைத்துவிடும். 1995இல் மட்டும் இந்த ஆராதனை நடக்கவில்லை என்று ஐயா சொல்வார். ஒக்டோபர் 30 இரவு முழு வலிகாமமும் செம்மணிப் பாதையால் வெளிக்கிட்டது. மூன்று நாள் கழித்துக் கல்லறையில் மெழுகுதிரி வைக்க ஊரில் ஆள் இல்லை. போன வருடம் பாதர் நோயாளரின் பெயர்களை வாசித்துவிட்டு, கொஞ்சம் நிற்பாட்டி, ஐந்து பெயர்களை வாசித்தார். முன்னுரை ஒன்றும் இல்லை. திரும்ப நிற்பாட்டி, இறந்தோரின் பெயர்களுக்குப் போனார். அதில் ஐயாவின் மகள் பெயர் இருந்தது. ஐயா எழும்பிப் போய்த் திரி கொளுத்தினார். அன்ரி மூன்றாவது வாங்கில், எழும்பாமல் இருந்தா. சேமக்காலைக்கும் வந்தா, தன் மனுசனின் கல்லறைக்கு.

அடுத்த கிழமை அன்ரி எங்களிடம் வந்து, பெயர்களைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அடிக்கச் சொன்னா. கண்ணாடி மாற்றக் காசில்லையாம்.

அதற்குப் பிறகு எங்கட ஒழுங்கையில் இருக்கிற ஒரு அக்கா சேர்ச் வாசலில் காத்துக்கொண்டு நின்றா. சைவக்காரர். நல்லூர்த் திருவிழாவுக்கு இருபத்தைந்து நாளும் விரதம் இருக்கிற ஆள். "எங்கட இவரின்ர பெயரையும் அதில போடலாமோ? நாங்கள் வேதமில்லை, பறவாயில்லையோ?" என்று கேட்டா. பாதரைக் கேட்டோம். "எழுதுங்கோ" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. பிறகு அவவின் தங்கச்சி வந்தா. பிறகு பக்கத்து ஊரில் இருந்து ஒரு கத்தோலிக்க அம்மா.

இந்தத் திருவருகையோடு பீடத்துணி திரும்ப ஊதாவாகிவிட்டது, கரோலுக்கு லான்ட்மாஸ்டரும் பேசியாயிற்று. அந்தப் பட்டியலில் இப்போது பதினொரு பெயர். மன்றாட்டுத் தாள் ஒரு பக்கத்தில் அடங்காமல் இரண்டாம் பக்கத்துக்குப் போகிறது. போட்டோக்கொப்பிக் காசு கூடிப்போச்சு என்று பொருளாளர் முறைப்பாடு. எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னார். ஏலாது என்று சொல்லிவிட்டோம்.