வாக்குக் கொடுக்காத குதிரை

விளையும் பயிர் முளையிலே தெரியும்னு அடிச்சுச் சொல்றவங்க ஒரு தடவை 'தி கிரீன் மங்கி' கதையைக் கேக்கணும். பேர்லதான் குரங்கு, ஆள் பந்தயக் குதிரை :-)

பந்தயத்துல பணம் கட்டற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனா ஒரு குட்டியைப் பார்த்து 'இது பெருசா வரும்'னு எப்படி விலை வைக்கிறாங்கங்கிறதுல மட்டும் தீராத ஆர்வம்.

2006 பிப்ரவரி, அமெரிக்காவின் ஃபுளோரிடா. இரண்டு வயசுக் குதிரைகளுக்கான ஏலம். அதுக்கு முன்னாடி ஓட விட்டுக் காட்டுவாங்க. நம்ம ஆள் ஒரு ஃபர்லாங்கை, அதாவது சுமார் 200 மீட்டரை, 9.8 விநாடியில கடந்துட்டார். அவ்வளவுதான்! அயர்லாந்தின் கூல்மோர் தரப்பும் துபாய் ஷேக் முகமது தரப்பும் மாத்தி மாத்தி ஏத்த, விலை 1 கோடியே 60 லட்சம் டாலர்ல போய் நின்னுது. வாங்கினது கூல்மோர்.

அப்புறம்? காயத்தால அந்த வருஷம் ஓடவே இல்லை. 2007ல முதல் பந்தயத்துல மூணாவது இடம். மொத்தம் 3 பந்தயம், வெற்றி பூஜ்யம், சம்பாத்தியம் 10,440 டாலர். 2008ல ஓய்வு.

இதுக்கு நேர் எதிர் சியாட்டில் ஸ்லூ. 1975 ஏலத்துல வெறும் 17,500 டாலர். முன்னங்கால் ஒண்ணு கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அதுதான் 1977ல ஒரு தோல்விகூட இல்லாம கென்டக்கி டெர்பி, பிரீக்னெஸ், பெல்மான்ட் மூணையும் ஜெயிச்சுது.

யோசிச்சா இதுல ஆச்சரியமில்லை. டெர்பி தூரம் 10 ஃபர்லாங். ஒரு ஃபர்லாங் ஓட்டம் வேகத்தைச் சொல்லும். கூட்டத்துல இடிபட்டு, முகத்துல மண்ணு அடிக்க, கடைசி வளைவுல மூச்சு மிஞ்சுமான்னு சொல்லாது. ரெண்டு வயசுல எலும்பே இன்னும் முழுசா முத்தியிருக்காது.

பத்தாவதுல எங்க ஸ்கூல்லயே முதல் மார்க் நான். இன்னிக்கும் கல்யாண வீட்டுல 'நீ கலெக்டராவேன்னு நினைச்சோம்ப்பா'ன்னு பெருமூச்சு விட ஒரு பெரியப்பா இருக்கார். மார்க் வாங்கினது நான்தான், கலெக்டர் கனவு அவரோடது!

கிரீன் மங்கியும் 2018ல இறந்துபோச்சு. இப்பவும் அதை 'ஏமாத்தின குதிரை' கணக்குலதான் எழுதறாங்க. அது யாருக்கு என்ன வாக்குக் குடுத்துச்சு சொல்லுங்க? அன்னிக்கு ஓடச் சொன்னாங்க, ஓடுச்சு. மிச்சத்தையெல்லாம் கை தூக்கினவங்கதான் சொல்லிக்கிட்டாங்க.