ஆட்டோ வேண்டாம் ஐயா!

அரை மாரத்தான் என்றால் 21 கிலோமீட்டர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு மேலும் 97.5 மீட்டர் இருக்கிறது. உயிர் போவது அங்கேதான்!

போன வருஷம் நேப்பியர் பாலத்தில் கிளம்பி பெசன்ட் நகர் போய்த் திரும்பும் ஓட்டம். முதல் 5 கிலோமீட்டரை 30 நிமிஷத்தில் கடந்தேன். உழைப்பாளர் சிலை, விவேகானந்தர் இல்லம், கலங்கரை விளக்கம் எல்லாம் ரயில் ஜன்னல் காட்சி மாதிரி பின்னால் போயின. திரும்பும்போது சாந்தோமில் கால்கள் ஸ்டிரைக்! டீக்கடையில் நின்ற பெரியவர், "ஆட்டோ கூப்பிடட்டுமா தம்பி?" என்றார். நொண்டி முடித்தபோது 2 மணி 47 நிமிஷம்.

விட்டுவிடலாம் என்றால், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக டாக்டர் எச்சரித்திருந்தார்.

பி.காம். படித்த மூளைக்கு அப்புறம்தான் உறைத்தது. தசையில் இருக்கும் சக்தி மாதச் சம்பளம் மாதிரி. முதல் வாரமே தாம்தூம் என்று செலவழித்தால் இருபதாம் தேதி கைமாற்றுதான்!

இந்த ஜனவரியில் கிலோமீட்டருக்கு 7 நிமிஷம் என்று பட்ஜெட். ஆரம்பத்தில் காலேஜ் பையன்கள் கேலியாகப் பார்த்தபடி முந்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன். திரும்பி வரும்போது அடையாறு திரு.வி.க. பாலத்தில் அதே பையன்கள் இடுப்பைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார்கள்.

சாந்தோம். அதே டீக்கடை, அதே பெரியவர். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானே கத்தினேன்: "ஆட்டோ வேண்டாம் ஐயா!" மனுஷன் டீயைச் சிந்திவிட்டார்.

2 மணி 29 நிமிஷம்! வீட்டுக்கு வந்து, "18 நிமிஷம் மிச்சம் பிடிச்சிட்டேன்" என்றேன் பெருமையாக.

"நல்லது. அந்த நேரத்துல போய்ப் பால் வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி.

நடந்தேதான் போனேன்.