முந்திய அறிவு

டில்லிக்குக் குடிபெயர்ந்த மறு ஆண்டு, இரண்டாம் வகுப்பிலிருந்த எங்கள் மகனைப் பற்றிப் பள்ளியிலிருந்து முறையீடுகள் வரலாயின. கணக்கை ஐந்தே நிமிஷத்தில் முடித்துவிட்டு, பிறர் விடையை உரக்கக் கூவிவிடுவானாம். கெட்டிக்காரனின் குறும்பென்றே எண்ணினோம். “மற்றப் பிள்ளைகள் வாய் திறக்கவே அஞ்சுகின்றன” என்று ஆசிரியை கூறியபோதுதான் வெட்கினோம்.

அடியாத மாடு படியாதென்பர் முதியோர். பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் தடுத்துள்ளது; வீட்டிலோ, குற்றமே எங்களுடையது. விருந்தினர் முன் அவனை வாய்ப்பாடு ஒப்பிக்கச் செய்து மகிழ்ந்தவர்கள் நாங்களல்லவா? அவ்வழக்கத்தை நிறுத்தினோம். ஆசிரியையின் இசைவுடன், கணக்கு முடிந்தபின் படிக்கத் தமிழ்க் கதைநூலொன்று கொடுத்தனுப்பினோம். கேட்டாலன்றி விடை சொல்லலாகாதென்றும் விதித்தோம்.

முதல் வாரம் அழுதான். இப்போது காத்திருக்கக் கற்று வருகிறான், நாங்களுந்தான்.