பெரியப்பாவின் குவார்ட்டர்

"இந்த வயசுல அவருக்கு இருக்கிற சந்தோஷம் இது ஒண்ணுதான், குடிச்சிட்டுப் போகட்டும்." பெரியப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வது. கேட்க இரக்கம் போல இருக்கும். எனக்கு அது கைகழுவுவதாகவே படுகிறது.

லாரி ஓட்டிய காலத்தில் லீவு நாளில் மட்டும் குடித்தவர். பெரியம்மா போன பிறகு தினமும். டாஸ்மாக் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் காலைக்கும் சேர்த்து முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்வார்.

நாற்பதில் தாங்கிய குவார்ட்டரை எழுபதில் உடம்பு தாங்காது. வயதாக ஆக உடம்பில் தண்ணீர் குறைகிறது. அதே 180 மில்லி ரத்தத்தில் இன்னும் கூடுதலாக ஏறும். கூடவே பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தால், ராத்திரியில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். தள்ளாட்டம், மறதி, எரிச்சல் எல்லாவற்றையும் நாம் 'வயசாயிடுச்சு' கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஒன்று மட்டும். பாட்டிலைப் பிடுங்கி ஒரே நாளில் நிறுத்தப் பார்க்காதீர்கள். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வை வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446.

பெரியப்பா ஆஸ்பத்திரிக்குப் போக ஒத்துக்கொண்டது எங்கள் அறிவுரையால் அல்ல. பேத்தி "நானும் கூட வர்றேன் தாத்தா" என்றாள், சட்டையை மாட்டிக்கொண்டார்.