மிக்கி மவுஸ் ஊரில் ஒரு கையெழுத்து... பத்து நாள் கெடு!

காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஜூன், ஜூலையில் ஆர்லாண்டோ போய் இறங்குகிற நம்மூர்க்காரர்கள் முதலில் சொல்வது, ‘அட, இது நம்ம சென்னை மாதிரியே இருக்கே’ என்பதுதான். அதே புழுக்கம். சாயங்காலமானால் இடி, மின்னலோடு மழை.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் இருக்கும் இந்த ஊருக்கு உலகம் முழுவதிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. நியூஜெர்சியிலோ டெக்ஸாஸிலோ வேலை பார்க்கும் மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு டிஸ்னி வேர்ல்டு பார்க்க வருவது இப்போது சாதாரணக் காட்சி.

அப்படி ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்நேஷனல் டிரைவ் சாலையில் நடந்து போகிறார்கள். 400 அடி உயர ராட்டினம் மெதுவாகச் சுற்றுகிறது. வழியெங்கும் ‘தீம் பார்க் டிக்கெட் தள்ளுபடி விலையில்’ என்று பலகைகள். ஒரு சின்ன கவுன்ட்டரிலிருந்து சிரித்த முகத்தோடு ஒருவர் கூப்பிடுகிறார்.

“எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க? டிக்கெட் வாங்கியாச்சா? பாதி விலைக்குத் தரட்டுமா?”

நிபந்தனை ஒன்றுதான். நாளைக் காலை கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ரிசார்ட்டுக்கு வர வேண்டும். டிபன் இலவசம். 90 நிமிடம் சுற்றிக் காட்டுவார்கள். பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் டிக்கெட்டோடு கிளம்பலாம்.

அங்கே விற்கப்படுவதன் பெயர் டைம்ஷேர்.

ஆரஞ்சுத் தோப்பிலிருந்து ரிசார்ட் வரை

ஒரு காலத்தில் ஆர்லாண்டோவைச் சுற்றி ஆரஞ்சுத் தோப்பும் சதுப்பு நிலமும் ஏரிகளும்தான். 1960-களில் வால்ட் டிஸ்னியின் ஆட்கள் பல கம்பெனிப் பெயர்களில் சத்தமில்லாமல் நிலம் வாங்கினார்கள். மொத்தம் சுமார் 27,000 ஏக்கர். 1971 அக்டோபர் 1-ம் தேதி டிஸ்னி வேர்ல்டு திறக்கப்பட்டது. அதன்பின் ஊரே மாறிப்போனது.

வருகிறவர்கள் தங்க இடம் வேண்டும். ஆண்டுக்கு ஒரு வாரம் வந்து போகும் குடும்பம் முழு வீடு வாங்குமா? வாங்காது. ஒரே வீட்டை வாரக் கணக்கில் பிரித்து, ஆளுக்கொரு வாரம் என்று பலருக்கு விற்றால்? அதுதான் டைம்ஷேர். 1960-களில் ஐரோப்பாவில் பிறந்த இந்த யோசனை, ஆர்லாண்டோவில் பெரிய தொழிலாக வளர்ந்தது. ‘ஹாலிடே இன்’ ஹோட்டல்களைத் தொடங்கிய கெம்மன்ஸ் வில்சன், 1982-ல் பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் ‘ஆரஞ்ச் லேக்’ ரிசார்ட்டை ஆரம்பித்தார். 1991-ல் டிஸ்னியே இந்தத் தொழிலில் இறங்கியது. இன்று இந்தத் துறையின் பெரிய நிறுவனங்கள் பலவற்றுக்கும் தலைமையகம் ஆர்லாண்டோதான்.

இப்போது பல நிறுவனங்கள் வாரக் கணக்கில் விற்பதில்லை, ‘பாயின்ட்’ கணக்கில் விற்கின்றன. எப்படி விற்றாலும் டெவலப்பரிடம் நேரடியாக வாங்கும்போது விலை 20,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அதற்கு மேல் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம். போனாலும் போகாவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டும்.

இவ்வளவு பெரிய தொகையைப் பார்க் டிக்கெட் வாங்க வந்தவரிடம் கேட்கிறார்கள் என்றால், சட்டம் சும்மா இருக்குமா? ஃப்ளோரிடா 1981-லேயே டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டது. மாநிலச் சட்டத் தொகுப்பில் அது 721-வது அத்தியாயம்.

கவுன்ட்டர்காரர் எதுவரை பேசலாம்?

டிக்கெட் கவுன்ட்டரில் சிரித்தாரே, அவரிடம் ரியல் எஸ்டேட் லைசென்ஸ் இருக்க வேண்டியதில்லை. ஃப்ளோரிடா சட்டம் அவருக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால், ஆள் அழைத்து வருவதோடு அவர் வேலை நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் விற்பனைப் பேச்சில் இறங்கினால் விலக்கு போய்விடும்.

ஏற்கெனவே டைம்ஷேர் வாங்கிய உறவினர் ஒருவர், ‘நீங்களும் வாங்குங்க, ரொம்ப நல்லா இருக்கு’ என்று நம்மை அனுப்பி வைக்கிறார் அல்லவா? அவருக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆண்டுக்கு 20 பேர் வரை டெவலப்பரிடம் அனுப்பலாம், லைசென்ஸ் வேண்டாம்.

ஆகவே, ‘மாதத்துக்கு இவ்வளவுதான் வரும், பின்னால் நல்ல விலைக்கு விற்றுவிடலாம்’ என்று கவுன்ட்டரில் சொல்லும் எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைச் சொல்வது அவர் வேலையே இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. பரிசு கொடுத்து அழைத்தால், அது டைம்ஷேர் விற்பனைக்காகத்தான் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூப்பனின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும்.

மேஜைக்கு எதிரே இருப்பவர்

மறுநாள் காலை. டிபன் முடிந்தது. நீச்சல் குளம், இரண்டு படுக்கையறை வீடு, சமையலறை எல்லாம் பார்த்தாகிவிட்டது. குழந்தைகள் விளையாட்டு அறையில் இருக்கிறார்கள். மேஜைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போடுகிறார்.

இவருக்கு லைசென்ஸ் வேண்டும். ஃப்ளோரிடாவில் கமிஷனுக்கு டைம்ஷேர் விற்பவர், வீடு, மனை விற்பவரைப் போலவே ரியல் எஸ்டேட் லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். அதற்கு 63 மணி நேர வகுப்பு, பிறகு 100 கேள்விகள் கொண்ட தேர்வு. 75 மதிப்பெண் எடுத்தால் பாஸ். பாஸானாலும் தனியாகத் தொழில் செய்ய முடியாது. லைசென்ஸ் பெற்ற ஒரு புரோக்கரின் கீழ்தான் வேலை பார்க்க வேண்டும்.

இவர் பெயரை மாநில அரசின் தொழில் உரிமத் துறை இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, யாருடைய கீழ் வேலை செய்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். போனில் இரண்டு நிமிட வேலை.

சரி, லைசென்ஸ் இருக்கிறது. நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். லைசென்ஸ் என்றால், அவர் தேர்வு எழுதியவர், தப்பு செய்தால் மாநிலம் தண்டிக்க முடியும் என்று அர்த்தம். அவர் சொல்லும் விலை நியாயமானது என்று அர்த்தம் இல்லை. அவர் நம் பக்கம் என்றும் அர்த்தம் இல்லை. அவர் டெவலப்பரின் ஆள். விற்றால்தான் அவருக்குக் கமிஷன்.

டெவலப்பருக்கும் இதே கதைதான். விற்பனை தொடங்கும் முன் திட்டத்தின் முழு விவரத்தையும் மாநிலத்திடம் தாக்கல் செய்து அனுமதி வாங்க வேண்டும். ‘பப்ளிக் ஆஃபரிங் ஸ்டேட்மென்ட்’ என்ற அந்தத் தடிமனான ஆவணத்தை வாங்குபவருக்கும் கொடுக்க வேண்டும். அதன் முன்பக்கத்திலேயே, வாயால் சொன்னதை நம்பி வாங்காதீர்கள் என்ற பொருளில் எச்சரிக்கை இருக்கும். மாநிலம் பார்த்தது ஆவணத்தை. வாங்குவது லாபமா, நஷ்டமா என்பதை அது பார்ப்பதில்லை.

“ஒவ்வொரு வருஷமும் ஹோட்டலுக்கு எவ்வளவு செலவு பண்றீங்க? பத்து வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்க. இது சொத்து சார், பிள்ளைங்களுக்கு எழுதி வைக்கலாம்.”

சொத்து என்ற வார்த்தைக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் மயங்காமல் இருப்பார்களா? பத்திரம் பதிந்து கொடுக்கும் டைம்ஷேர் சட்டப்படி சொத்துதான். ஆனால், ஆண்டுக் கட்டணமும் அந்தப் பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். கட்டாமல் விட்டால் பங்கு பறிபோகும், கடன் மதிப்பெண்ணும் அடிவாங்கும்.

90 நிமிடம் என்றது மூன்று மணி நேரமாகிறது. ‘இந்த விலை இன்று மட்டும்தான்’ என்கிறார்கள். குழந்தைகள் பார்க்குக்குப் போகலாம் என்று நச்சரிக்கிறார்கள். பேனா கைக்கு வருகிறது.

பத்தாவது நாள் நள்ளிரவு

கையெழுத்துப் போட்டாயிற்று. எல்லாம் முடிந்துவிட்டதா?

இல்லை. ஃப்ளோரிடா சட்டத்தில் வாங்குபவருக்குக் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு இனிமேல்தான் தொடங்குகிறது. பத்து நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, அபராதமும் கிடையாது. கையெழுத்திட்ட நாள், கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதற்கு அடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 3-ம் தேதி எல்லாம் முடிந்தது என்றால் 13-ம் தேதி நள்ளிரவு வரை நேரம் உண்டு. சனி, ஞாயிறும் கணக்கில் சேரும்.

‘இந்த உரிமை எனக்கு வேண்டாம்’ என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. அந்தப் பத்து நாளுக்குள் பத்திரத்தை முடித்துக் கொடுக்கவும் டெவலப்பருக்கு அனுமதி இல்லை. ரத்து செய்தால், கடிதம் கிடைத்த 20 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். செக் கொடுத்திருந்தால், அது பாஸாகி ஐந்து நாள் வரை கூடுதலாக ஆகலாம்.

ஒரே ஒரு நிபந்தனை, எழுத்தில் கொடுக்க வேண்டும். போனில் சொன்னால் போதாது. ‘நீங்க கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்’ என்று விற்றவர் சொல்வதும் போதாது. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். அனுப்பிய தேதிதான் கணக்கு என்பதால், ரசீது தரும் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால், சுற்றுலாக் குடும்பத்தின் பத்து நாள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாம் நாள் கையெழுத்து. அடுத்த நான்கு நாள் தீம் பார்க், வாட்டர் பார்க், கென்னடி விண்வெளி மையம். பிறகு ஊர் திரும்பி, துணி துவைத்து, ஆபீஸ், ஸ்கூல் என்று ஓடும்போது எட்டாம் நாள் வந்துவிடும். ஒப்பந்தக் கோப்பு பெட்டியின் அடியில், மிக்கி மவுஸ் டீ-ஷர்ட்டுக்குக் கீழே கிடக்கும். முதல் தவணை வங்கியில் பிடித்த பிறகுதான் கோப்பைத் தேடுவார்கள். அப்போது கெடு முடிந்திருக்கும்.

அதனால் கையெழுத்துப் போட்டவர்கள் அன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைகள் தூங்கியதும் கோப்பைத் திறந்து, ரத்து செய்யும் பக்கத்தைத் தேடி, கடைசித் தேதியை போனில் அலாரம் வைத்துவிட வேண்டும்.

மாநிலம் மாறினால் நாளும் மாறும்

பத்து நாள் என்பது அமெரிக்கா முழுவதற்கும் பொது இல்லை. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் ஐந்தே நாள். கலிஃபோர்னியாவிலும் ஹவாயிலும் ஏழு நாள்.

லைசென்ஸும் அப்படித்தான். ஃப்ளோரிடாவில் பொதுவான ரியல் எஸ்டேட் லைசென்ஸ். நெவாடாவில் டைம்ஷேர் விற்பதற்கென்றே தனி லைசென்ஸ் உண்டு. அங்கே தெருவில் ஆள் அழைப்பவரும் மாநிலத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும், விலையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. ‘போன வருஷம் ஆர்லாண்டோவில் பத்து நாள் கொடுத்தாங்களே’ என்ற நினைப்பில் வேகாஸில் ஆறாம் நாள் கடிதம் அனுப்பினால் பயன் இல்லை.

வேண்டாம் என்று விற்கப் போனால்...

சில ஆண்டுகள் கழித்து விற்க நினைப்பவர்களுக்குத்தான் பெரிய அதிர்ச்சி. டெவலப்பரிடம் பல்லாயிரம் டாலர் கொடுத்து வாங்கிய பங்கு, மறுவிற்பனையில் மிகச் சொற்ப விலைக்குப் போவது உண்டு. அந்த நேரம் பார்த்து ஒரு போன் வரும். ‘உங்கள் பங்குக்கு ஆள் ரெடி. முதலில் இவ்வளவு கட்டுங்கள்’ என்பார்கள்.

ஃப்ளோரிடா சட்டப்படி, டைம்ஷேரை விற்றுத் தரப் பட்டியலிடுவதற்கு லைசென்ஸ் பெற்ற புரோக்கர் முன்பணம் வாங்கவே கூடாது. பணத்தை முதலில் கேட்டாலே போனை வைத்துவிடலாம்.

டைம்ஷேர் எல்லாமே மோசம் என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுதோறும் அதே ஊருக்குப் போய், கட்டணத்தையும் கட்டி, சந்தோஷமாக இருக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் கணக்குப் போட்டு வாங்கியவர்கள். டிபன் சாப்பிட்ட மேஜையில் அந்தக் கணக்கைப் போட முடியாது.

இரவு ஒன்பது மணி வாக்கில் டிஸ்னி கோட்டைக்கு மேல் வாணவேடிக்கை தொடங்கும். தாத்தாவின் தோளில் பேரன் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பான். அந்தச் சந்தோஷத்துக்கு டிக்கெட் மட்டும் போதும். பத்திரம் வேண்டுமா என்று வீட்டுக்குப் போய் யோசிக்கலாம். யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஃப்ளோரிடாவில் பத்தாவது நாள் நள்ளிரவு வரை ஒரு வழி இருக்கிறது. அதற்குள் கடிதம் தபாலில் சேர வேண்டும்!